ஒற்றியூர்க் கடையா, உதகைக் கடையா? இடம் மாறும் முன் போட வேண்டிய கணக்கு



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்த வேளையில், திருவொற்றியூரில் முப்பது ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தி வரும் உறுப்பினர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி, கடையைக் கைமாற்றிவிட்டு ஊட்டிக்குப் போய்விடலாம் என்று பார்க்கிறேன். வீட்டில் அவளுக்கு மூச்சிரைப்பு. இந்தப் புகையும் டிரெய்லர் லாரியும் போதும் என்றாகிவிட்டது. மைத்துனர் அங்கே ஒரு கடை காலியாக இருக்கிறது என்கிறார். இங்கே பகடி பேச ஆளும் வந்துவிட்டது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பத்து நாள் பொறுங்கள் தம்பி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். இதே எண்ணம் நம்மில் பலருக்கும் இருப்பதால், அந்தக் கணக்கையே இந்த மாதப் பாடமாகத் தருகிறேன்.

1. எதை விட்டுப் போகிறோம்?

நம் பகுதியின் குறைகளை யாரும் மறைக்க வேண்டியதில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா வாயு கசிந்து, மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். இதையெல்லாம் பார்த்தவருக்கு மலைக்காற்றின் மேல் ஆசை வருவது நியாயமே.

ஆனால் மாற்றங்களும் நடந்திருக்கின்றன. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2011 அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளுவது நின்று, அவை எண்ணூருக்குப் போயின. ராயபுரத்தில் தூசி குறைய அது வழி செய்தது. எண்ணூர்க்காரர்களின் சுமை கூடியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது.

வியாபாரத்துக்கு வேண்டிய முதல் பொருள் ஜனக்கூட்டம். 2011 கணக்கெடுப்பின்படி திருவொற்றியூரில் மட்டும் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். உதகமண்டலம் நகராட்சியில் சுமார் 88 ஆயிரம் பேர். நீலகிரி மாவட்டம் முழுவதையும் சேர்த்தால் 7 லட்சத்து 35 ஆயிரம். அதாவது நம் திருவொற்றியூருக்குள் கிட்டத்தட்ட மூன்று ஊட்டி அடங்கும். இதை முதல் வரியாக எழுதிக் கொள்ளுங்கள்.

2. வாடிக்கையாளர் யார்?

நம் கடைக்கு வருபவர் அடுத்த தெருவில் குடியிருப்பவர். மழை என்றாலும் வெயில் என்றாலும் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கியாக வேண்டும். ஒரு தொழிற்சாலை மூடினாலும் துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, லாரி செட், மீன்பிடித் துறைமுகம் என்று வேறு வருமான வழிகள் ஊரில் இருக்கின்றன.

மலை ஊரில் வாடிக்கையாளர் இரண்டு வகை. ஒருவர் சீசனுக்கு வரும் சுற்றுலாப் பயணி. இன்னொருவர் அங்கேயே வாழும் தேயிலை விவசாயி, தோட்டத் தொழிலாளி, அரசு ஊழியர். கல்லாவை நிரப்புபவர் முதலாமவர். கடையை வருடம் முழுதும் காப்பாற்றுபவர் இரண்டாமவர். பசுந்தேயிலை விலை இறங்கினால் சிறு விவசாயி கையில் காசு இருக்காது. கடையில் நோட்டுக் கடன் ஏறும். ஆகவே, ஊட்டியில் கடை எடுக்க நினைப்பவர் சீசன் கூட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. பசுந்தேயிலைக்கு மாதந்தோறும் அறிவிக்கப்படும் விலையையும் கவனித்து வர வேண்டும்.

சிறிய ஊரில் பெரிய ஆலை ஒன்று சாய்ந்தால் அடி பலமாக விழும். 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், உதகை இந்துநகரில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கொடுத்த ஆலை. அது நலிந்து கடைசியில் மூடப்பட்டபோது, அந்தச் சம்பளத்துக்கு ஈடு சொல்ல அங்கே இன்னொரு பெரிய ஆலை இல்லை.

3. கணக்கு

கீழே உள்ள தொகைகள் பாடத்துக்காக எடுத்துக் கொண்ட மாதிரித் தொகைகள். உங்கள் பேரேட்டைப் பார்த்து உங்கள் தொகையைப் போட்டுக் கொள்ளுங்கள்.

திருவொற்றியூர்க் கடை: தினசரி விற்பனை ரூ. 20,000. வருடத்தில் 340 நாள். மொத்தம் 68 லட்சம். மொத்த லாபம் 10 சதவீதம் என்றால் ரூ. 6,80,000.

உதகைக் கடை: சீசன் நாள் 75, தினசரி ரூ. 40,000 வீதம் 30 லட்சம். மீதி 265 நாள், தினசரி ரூ. 9,000 வீதம் 23 லட்சத்து 85 ஆயிரம். மொத்தம் 53 லட்சத்து 85 ஆயிரம். விலை சற்றுக் கூடுதலாக வைக்க முடியும் என்று 13 சதவீதம் போட்டால் லாபம் ரூ. 7,00,050.

இங்கே பலர் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். "விற்பனை குறைந்தாலும் லாபம் கூடுகிறதே" என்கிறார்கள். பென்சிலை மறுபடியும் எடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற்றும் லாரி வாடகையும் ஏற்றுகூலி, இறக்குகூலியும் விற்பனையில் 2 சதவீதம் என்று வைத்தால் ரூ. 1,07,700 போகிறது. மிச்சம் ரூ. 5,92,350. இங்கே வருவதைவிட ரூ. 87,650 குறைவு.

அடுத்தது முதலீடு. கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குக் காலையில் போய் மதியம் சரக்கோடு திரும்புகிறவர் ஐந்து நாள் சரக்கு வைத்தால் போதும். நாள் கொள்முதல் ரூ. 18,000 என்றால் முடங்கும் பணம் ரூ. 90,000. மலையில், சீசன் சமயத்தில் பாதை அடைபட்டால் என்ன செய்வது என்று பதினைந்து நாள் சரக்கு வைக்க வேண்டும். நாள் கொள்முதல் ரூ. 34,800 வீதம் ரூ. 5,22,000 முடங்கும். அந்தப் பணத்துக்கு வட்டி கட்டுபவர் நீங்கள்தான்.

பாதை அடைபடும் என்பது வீண் பயம் அல்ல. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பாதைகள் துண்டிக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

4. சீசன் நம் கையில் இல்லை

உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. இதை எதிர்த்து நீலகிரி வணிகர்கள் 2025 ஏப்ரல் 2 அன்று கடையடைப்பு நடத்தினார்கள். மலை தாங்கும் அளவுக்குத்தான் வாகனம் வர வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. அதனால் கல்லா காலியாகிறதே என்று வணிகர் கேட்பதிலும் நியாயம் உண்டு. நம் பாடத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: சீசன் விற்பனையில் கால் பங்கு குறைந்தால் மேலே சொன்ன கடை என்ன ஆகும்? மொத்த விற்பனை 46 லட்சத்து 35 ஆயிரமாக இறங்கும். லாரிச் செலவு போக லாபம் ரூ. 5,09,850. வாடகையோ வருடம் முழுதும் ஒன்றே.

மற்ற விதிகளையும் கவனியுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் குளிர்பான பாட்டிலும் விற்க நீலகிரியில் 2019இலேயே தடை வந்தது. மலை நகரங்களுக்கான 1993ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டருக்குள் கட்டுப்படுத்துகின்றன. மேலே ஒரு மாடி போட்டுக் குடோன் ஆக்கலாம் என்று கனவு காண வேண்டாம். உதகை நகராட்சிச் சந்தையில் வாடகை பாக்கிக்காக 2021 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான கடைகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. எனவே கடை தனியாருடையதா, நகராட்சியுடையதா, யார் பெயரில் இருக்கிறது, பாக்கி உண்டா என்பதை நேரில் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது.

5. வீட்டுக் கணக்கு

உடல் நலத்தை ரூபாயில் எழுத முடியாது. அதற்குத் தனி ஏடு வேண்டும். ஆனால் அந்த ஏட்டையும் சரியாக எழுத வேண்டும். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். மூச்சிரைப்பு உள்ளவர் சிலருக்குப் புகை ஆகாது. சிலருக்குக் குளிர் ஆகாது. இதைச் சொல்ல வேண்டியவர் நுரையீரல் மருத்துவர், மைத்துனர் அல்ல. பெரிய வைத்தியத்துக்கு நமக்கு ஸ்டான்லி பக்கத்தில் இருக்கிறது. உதகையிலும் 2025 ஏப்ரலில் 700 படுக்கை கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டிருப்பது நல்ல செய்தி.

6. நடு வழி

1996இல் கொத்தவால் சாவடி காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது நினைவிருக்கும். சந்தையே மொத்தமாக இடம் மாறியதால் வாடிக்கையும் பின்னாலேயே போனது. தனி ஒருவர் கடையை மாற்றினால் வாடிக்கை கூட வராது. முப்பது ஆண்டு நம்பிக்கையைப் பகடிப் பணத்துக்கு விற்றுவிட்டால், அதைத் திரும்ப வாங்க முடியாது.

ஆனால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டை நம்பிய கடைகளில் அப்போது வியாபாரம் மந்தம். அதே நாட்களில்தான் மலையில் சீசன். ஆகவே, இங்கே கடையை மூடாமல், வீட்டில் ஒருவர் மட்டும் ஒரு சீசன் அங்கே போய் மைத்துனரோடு கூட்டாக வியாபாரம் செய்து பார்க்கலாம். மாநிலம் ஒன்றே என்பதால் அதே ஜி.எஸ்.டி. எண்ணில் கூடுதல் இடமாகச் சேர்க்கலாம்; 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உணவுப் பொருள் உரிமம் மட்டும் அந்த இடத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். மொத்த வியாபாரிகளாக இருந்தால் மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்தையும் பார்த்து வாருங்கள். மலைக்குப் போகும் சரக்கும் மலையிலிருந்து வரும் உருளைக்கிழங்கும் கூடும் இடம் அது.

சீசனைப் பார்த்தவர் ஜூலை மழையையும் டிசம்பர் பனியையும் அங்கே தங்கிப் பார்க்க வேண்டும். மூன்றையும் பார்த்த பிறகும் மனம் அங்கேயே நின்றால், தாராளமாகப் போங்கள்.

பத்து நாள் கழித்து அந்த உறுப்பினர் வந்தார். கணக்கைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பகடிக்காரரை ஒரு வருடம் பொறுக்கச் சொல்லிவிட்டேன் அண்ணாச்சி. முதலில் அவளை டாக்டரிடம் காட்டுகிறேன். அவர் சரி என்றால் ஜூலையில் ஒரு மாதம் மைத்துனர் வீட்டில் இருக்கட்டும். மூச்சு சீராக இருந்தால், லாபம் குறைந்தாலும் போகத்தான் போகிறேன்" என்றார். அதுவும் சரியான முடிவே. எவ்வளவு குறையும் என்று தெரிந்து போகிறார்.

பயிற்சி

1. சென்ற வருடப் பேரேட்டில் உங்கள் கடையின் மிக மந்தமான 60 நாட்கள் எவை?

2. உங்கள் சரக்கில் எத்தனை நாள் கொள்முதல் முடங்கியிருக்கிறது?

3. நாளைக்கே கடை மாறினால், நோட்டுக் கடனில் எவ்வளவு வசூலாகும்?

மூன்றுக்கும் விடை எழுதி வைத்துக் கொண்டு அதன்பின் வண்டிக்கு டிக்கெட் போடுங்கள்.