பற்றவைப்புக்கு விதி எழுதிய பேராசிரியர்

மாணவர்களே! இரும்புக் கதவு செய்யும் பட்டறை வாசலில் கண்ணைக் கூசச் செய்யும் நீல வெளிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். (அதை வெறுங்கண்ணால் உற்று நோக்கலாகாது. அதிலுள்ள புற ஊதாக் கதிர்கள் கண்ணைக் கெடுக்கும்.) அந்த வெளிச்சம்தான் மின்வில். வெல்டிங் கம்பிக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடையேயுள்ள சிறு இடைவெளியில் மின்சாரம் பாயும்போது வெப்பநிலை பல ஆயிரம் டிகிரிக்கு உயர்கிறது. எஃகு உருகச் சுமார் 1500 டிகிரி செல்சியஸ் போதும். ஆகவே கம்பியின் நுனியும் இரு தகடுகளின் விளிம்புகளும் உருகிக் கலந்து, பின் உறைந்து ஒன்றாகிவிடுகின்றன. இதையே பற்றவைத்தல் அல்லது வெல்டிங் என்கிறோம்.

கதவில் போட்ட பற்று விட்டுப்போனால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. மீண்டும் பற்றவைத்துக் கொள்ளலாம். ஆனால் வண்டிகள் ஓடும் பாலத்தில் பற்று விட்டுப்போனால்? பற்றின் மேற்பரப்புதான் நம் கண்ணுக்குத் தெரியும். உள்ளே குறை இருக்கிறதா என்பது தெரியாது. அப்படியானால் எதை நம்பி அதன் மேல் பாரம் ஏற்றுவது? இந்தக் கேள்விக்கு விடை காண முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் போலந்து நாட்டுப் பொறியியல் பேராசிரியர் ஸ்டெஃபான் பிரிவா. அவர் 1886ஆம் ஆண்டு கிராக்கோவ் நகரில் பிறந்தவர்.

ஆணியா, பற்றா?

1920களில் எஃகுப் பாலங்களைப் பெரும்பாலும் ரிவெட் ஆணிகளால் இணைத்து வந்தார்கள். ரிவெட் அடிக்கத் தகட்டில் துளை இட வேண்டும். துளை இட்ட இடத்தில் தகட்டின் குறுக்குப் பரப்பு குறைகிறது. அதே விசையைக் குறைந்த பரப்பு தாங்க வேண்டியிருப்பதால் தகைவு கூடுகிறது. இதை ஈடுகட்டத் தடித்த தகடு வேண்டும். இரு உறுப்புகளை இணைக்கத் தனித் துண்டுத் தகடுகளும் ஆணிகளும் வேண்டும். இவையெல்லாம் பாரத்தைக் கூட்டுகின்றன. பற்றவைப்பில் இந்தத் தொல்லை இல்லை.

வோவிச் நகருக்கு அருகே, மவுஜிட்சே என்னும் ஊரில், ஸ்வூத்வியா ஆற்றின் குறுக்கே 27 மீட்டர் நீளமுள்ள ஒரு சாலைப் பாலத்தைப் பிரிவா முற்றிலும் பற்றவைப்பு முறையில் வடிவமைத்தார். 1928இல் கட்டப்பட்ட அப்பாலம் 1929இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. முழுவதும் பற்றவைத்துக் கட்டப்பட்ட சாலைப் பாலங்களுள் உலகில் இதுவே முதலாவது. ரிவெட் முறையில் கட்டியிருந்தால் சுமார் 70 டன் எஃகு தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டனர். பற்றவைத்த பாலத்தின் எடையோ சுமார் 55 டன்தான். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்!

பாலத்தோடு பிரிவா நிற்கவில்லை. எஃகுக் கட்டடங்களைப் பற்றவைப்பதற்கான விதிமுறைகளையும் அவர் எழுதினார். 1928இல் வெளிவந்த அவையே இத்துறையில் உலகின் முதல் விதிமுறைகள் எனப்படுகின்றன. பாலம் ஓர் ஆற்றைத்தான் கடக்க உதவும். விதியோ, அவரை நேரில் அறியாத பொறியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வழிகாட்டும்.

விதிக்குள் இருக்கும் வடிவியல்

பற்றவைப்பு விதிகளில் என்ன இருக்கும்? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, மூலையில் பற்றவைப்பதாகக் கொள்வோம். பற்றின் குறுக்குவெட்டு ஓர் இருசமபக்கச் செங்கோண முக்கோணம். அதன் இரு சமபக்கங்களும் 8 மி.மீ. என்க. பற்று எங்கே முறியும்? மிக மெலிந்த இடத்தில். மூலையிலிருந்து கர்ணத்துக்கு வரையும் செங்குத்துக் கோடுதான் அந்த இடம். உங்கள் வடிவியல் பாடப்படி அதன் நீளம் 8 ÷ √2, அதாவது சுமார் 5.66 மி.மீ. இதைப் பற்றின் தொண்டை என்பார்கள். பற்றின் நீளம் 100 மி.மீ. என்றால், விசையைத் தாங்கும் பரப்பு 566 சதுர மி.மீ. ஒரு சதுர மி.மீட்டருக்கு 100 நியூட்டனுக்கு மேல் பாரம் கூடாது என்று விதி சொல்வதாக வைத்துக்கொண்டால், அந்தப் பற்றின் மேல் 56,600 நியூட்டன் வரை ஏற்றலாம். இது ஏறத்தாழ 5.8 டன் நிறையின் எடைக்குச் சமம். உண்மையில் பற்று முறிய இதைவிட மிகுதியான விசை வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குறைகளுக்காக விதி விட்டுவைக்கும் இடைவெளி அது.

ஆறும்போது வரும் ஆபத்து

உருகிய எஃகு ஆறும்போது சுருங்கும். எஃகின் நீள்விரிவு எண் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.000012. நீளம் 200 மி.மீ., வெப்பநிலைக் குறைவு 1000 டிகிரி என்றால், சுருக்கம் 200 × 0.000012 × 1000 = 2.4 மி.மீ. சுற்றியுள்ள குளிர்ந்த தகடு இந்தச் சுருக்கத்தைத் தடுக்கிறது. எனவே பாரம் ஏதும் ஏற்றாத போதே பற்றினுள் ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது.

இதன் கொடுமையைப் பெல்ஜியம் கண்டது. அங்கு ஹாசெல்ட் என்னும் ஊரில் ஆல்பர்ட் கால்வாயின் மேல் கட்டிய பற்றவைப்புப் பாலம் 1938 மார்ச் 14 அன்று குளிர் மிகுந்த வேளையில் பெருத்த ஓசையுடன் விரிசல் கண்டது. சில நிமிடங்களில் கால்வாயில் விழுந்தது. எஃகின் தன்மை, உள்ளே தங்கிய தகைவு, குளிர் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் எஃகும் கண்ணாடிபோல் நொறுங்கும் என்பதைப் பின்னர் ஆராய்ந்து தெளிந்தனர். தொண்டையின் அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது; எந்த எஃகு, எந்த வரிசையில் பற்றவைப்பது, எப்படிச் சோதிப்பது என்பனவும் விதியில் இடம்பெற வேண்டியதாயிற்று.

இந்த அனுபவங்களை நாடுகள் பகிர்ந்துகொள்ள 1948இல் 13 நாடுகள் கூடிச் சர்வதேசப் பற்றவைப்பு நிறுவனத்தை அமைத்தன. இன்று சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் 9606 எண்ணுள்ள தரநிலை, வெல்டர் ஒருவரின் திறமையை எவ்வாறு சோதிப்பது என்று வகுத்துரைக்கிறது.

பேராசிரியரின் முடிவு

இவற்றையெல்லாம் காணப் பிரிவா உயிருடன் இல்லை. இரண்டாம் உலகப் போரில் நாஜிப் படை போலந்தைக் கைப்பற்றியபோது, போலந்து மாணவர்களுக்கு உயர்கல்வி தடை செய்யப்பட்டது. வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த பிரிவா, ரகசியமாகப் பாடம் நடத்தினார். தலைமறைவு அரசின் பணிகளிலும் ஈடுபட்டார். 1943 நவம்பரில் கைது செய்யப்பட்ட அவரை, டிசம்பர் 3 அன்று வார்சாவில் சுட்டுக் கொன்றார்கள்.

பாலம் மட்டும் நிலைத்தது. 1977இல் அகலமான புதிய பாலத்துக்கு இடம் விட்டு, அதை ஆற்றிலேயே சற்றுத் தள்ளி வைத்துப் பாதுகாத்தனர். 1995இல் அமெரிக்கப் பற்றவைப்புக் கழகம் அதை வரலாற்றுச் சிறப்புமிக்க பற்றவைப்புக் கட்டுமானமாகத் தேர்ந்து விருது வழங்கிப் போற்றியது.

நீங்களே கணக்கிடுங்கள்

மேலே கண்ட பற்றின் பக்கத்தை 8 மி.மீட்டரிலிருந்து 16 மி.மீட்டராக்கினால், அது தாங்கும் பாரம் எத்தனை மடங்காகும்? உருக்க வேண்டிய உலோகம் எத்தனை மடங்காகும்? முதல் விடை 2, இரண்டாவது 4. வலிமை இரு மடங்காக, உருகி ஆறிச் சுருங்கும் உலோகம் நான்கு மடங்காகிறது. 'பெரிய பற்றே நல்ல பற்று' என்று விதி ஏன் சொல்வதில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?