அந்தக் கையை அசைத்தது யார் பணம்?

அன்புள்ள தம்பி,

அனிமேஷனுக்கு எதற்குப் பட்டப்படிப்பு, ஆறு மாதம் ஏதாவது ஒரு பயிற்சி நிலையத்தில் மாயா மென்பொருளைக் கற்றால் போதாதா என்று கேட்டிருந்தாய். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கூடவே, ‘இந்தத் துறையை உருவாக்கியதே பிக்ஸார் மாதிரி கம்பெனிகள்தானே, அரசாங்கத்துக்கு இதில் என்ன வேலை?’ என்றும் எழுதியிருந்தாயே, அதுதான் உறுத்துகிறது. மாயாவில் ஒரு பொருளின் மேற்பரப்புக்குத் தன்மை கொடுக்கப் போனால் லாம்பர்ட், ஃபாங், பிளின் என்று ஒரு பட்டியல் வருமே, அவை என்ன என்று நினைத்தாய்? பெயிண்ட் வகைகள் என்றா? மூன்றும் மனிதர்களின் பெயர்கள். லாம்பர்ட் 18-ஆம் நூற்றாண்டுக்காரர், அவரை விட்டுவிடு. மற்ற இருவரும் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். வியட்நாமில் பிறந்த ஃபாங் 1973-இல் ஆய்வேட்டை முடித்து, 1975-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். பளபளக்கும் பரப்பில் ஒளிப்பொட்டு எங்கே விழும் என்று அவர் போட்ட கணக்கு இன்றும் உன் மெனுவில் இருக்கிறது. கரடுமுரடான உருவத்தை மழமழவென்று ஆக்கும் கேட்மல்-கிளார்க் முறையில் வரும் எட்வின் கேட்மல், ஜிம் கிளார்க் இருவரும் அதே இடத்தில் 1974-இல் பட்டம் வாங்கியவர்கள்தான்.

இத்தனை பேர் ஒரே ஊரில், ஒரே பத்தாண்டில் சேர்ந்தது தற்செயல் அல்ல. 1957-இல் சோவியத் ஸ்புட்னிக் பறந்ததும் மிரண்டுபோன அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, 1958-இல் ஆர்பா என்ற ஆய்வு அமைப்பைத் தொடங்கியது. 1965-இல் டேவிட் எவன்ஸ் யூட்டாவில் கணினித் துறையைத் தொடங்க, அடுத்த ஆண்டே ஆர்பாவின் பணம் வந்தது. 1968-இல் கணினி வரைகலை முன்னோடி இவான் சதர்லாந்து வந்து சேர்ந்தார். அந்தப் பணம் வாங்கியது இரண்டைத்தான்: கணினியும், மாணவர்களின் காலமும். இந்தத் தேதிக்குள் இந்தச் சரக்கு வேண்டும் என்ற ஒப்பந்தம் மாணவர் தலையில் விழவில்லை. 1972-இல் கேட்மல் தன் இடது கைக்கு பிளாஸ்டரில் அச்சு எடுத்தார். அதன்மேல் சுமார் 350 பாலிகன்களைக் கோடு போட்டு வரைந்தார். ஒவ்வொரு முனையையும் அளந்து எண்ணாக்கிக் கணினிக்குள் ஏற்றினார். ஃபிரெட் பார்க்குடன் சேர்ந்து எடுத்த அந்தக் குறும்படத்தில் கை விரிகிறது, மூடுகிறது. பார்வை விரல்களுக்குள்ளேயே நுழைந்து போகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2011-இல் அது சேர்க்கப்பட்டது.

எனக்குக் கையைவிடப் பிடித்தது கேட்மல்லின் 1974 ஆய்வேடு. நீயும் அதைப் படித்தே ஆகவேண்டும். முன்னே இருக்கும் பொருள் பின்னே இருப்பதை மறைக்கிறது. எது தெரியும், எது மறையும் என்று கணினிக்குச் சொல்வது எப்படி? இதுதான் அன்றைய பெரிய தலைவலி. எல்லாரும் பரப்புகளை முன்பின்னாக வரிசைப்படுத்த வழி தேடிக்கொண்டிருந்தார்கள். கேட்மல் வரிசையையே கைவிட்டார். திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தோடு தூரத்தையும் எழுதி வை, புதிதாக வரும் பரப்பு அதைவிட அருகில் இருந்தால் பழையதை அழித்து எழுது, இல்லையென்றால் விட்டுவிடு. இவ்வளவுதான் இசட்-பஃபர். 512-க்கு 512 திரை என்றால் 2,62,144 தூரங்களை நினைவில் வைக்கவேண்டும். நினைவகம் பொன்விலை விற்ற காலம் அது. அதே ஆண்டு சதர்லாந்தும் இன்னும் இருவரும் மறைபரப்பு முறைகள் பத்தை எடைபோட்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அந்தப் பத்தில் ஒன்றாகக்கூட இது எண்ணப்படவில்லை. ஆனால் இன்று உன் கைப்பேசியின் கிராபிக்ஸ் சிப்பில் ஓடுவது இந்த முறைதான். இன்னொன்று கேள்: ஜெர்மனியில் வொல்ஃப்காங் ஸ்டிராசரும் 1974-லேயே, கேட்மல்லை அறியாமல், தன் முனைவர் ஆய்வேட்டில் இதே யோசனையை எழுதினார். அங்கும் இடம் பல்கலைக்கழகம்தான், கம்பெனி அல்ல. லாபக்கணக்கு பார்க்கிறவர் இந்த யோசனைக்கு அன்றைக்கு ஒரு காசு போட்டிருக்க மாட்டார். அனிமேஷனால் யாரைவிடவும் அதிகம் பிழைத்த டிஸ்னியிடமே மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றைக் கொண்டுபோனார் சதர்லாந்து. அவர்களுக்கு அதில் அக்கறை இல்லை. ‘ஸ்பேஸ் மவுண்டன்’ என்ற கேளிக்கைப் பூங்கா சவாரியை வடிவமைக்கக் கேட்மல்லுக்கு வேலை தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார்.

தனியார் பணமே இல்லையா என்பாய். இருந்தது. 1974-இல் கேட்மல்லை அழைத்துக்கொண்டது நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தை நிறுவிய அலெக்சாண்டர் ஷூர், பிறகு 1979-இல் லூகாஸ்ஃபிலிம், 1986-இல் பிக்ஸார், 1995-இல் ‘டாய் ஸ்டோரி’. ஆர்பா பணம் யூட்டாவுக்கு வந்து அப்போது 29 ஆண்டுகள். அந்த 29 ஆண்டுகளின் முதல் பகுதியைத் தாங்கியது வரிப்பணம். பின்னால் வந்தவர்கள் பயிர் விளைந்த வயலை வாங்கினார்கள். அதைக் குறை சொல்லவில்லை, உழுதவனை மறக்காதே என்கிறேன்.

ராணுவப் பணம்தானே என்று மூக்கைச் சுளிப்பாய். நியாயம்தான், அது சுத்தமான பணம் அல்ல. 1969-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மேன்ஸ்ஃபீல்டு திருத்தத்தைக் கொண்டுவந்து, ராணுவத்துக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வுக்கே பாதுகாப்புத் துறையின் பணம் போகவேண்டும் என்று கட்டுப்படுத்திய பிறகு, இப்படிக் கட்டற்ற ஆய்வுக்கு இடம் சுருங்கியது. ஆனால் பொதுப்பணம் என்றாலே ராணுவம் என்று யார் சொன்னது? ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் சுரி என்ற ஓவிய ஆசிரியருக்குக் கணினி அனிமேஷன் ஆய்வுக்குப் பணம் தந்தது அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை. கனடாவில் அரசின் ஆய்வுக் கழகமும் அரசின் திரைப்பட வாரியமும் கைகோத்து 1974-இல் எடுத்த ‘ஹங்கர்’ என்ற கணினி அனிமேஷன் குறும்படம் கேன் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்றது. நீ அன்றாடம் போடும் கீஃபிரேமைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்ததில் அந்தக் கழகத்தாருக்குப் பெரும் பங்குண்டு. அரசுப்பணம் வீணாவதும் உண்டு. 1982-இல் ஜப்பான் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம் எந்த மாதிரி எந்திரம் வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுகட்டியது. சந்தை வேறு பக்கம் போய்விட்டது. சரக்கைக் குறிவைத்து அரசு பணம் போட்டால் பெரும்பாலும் தோற்கும். ஆளைப் படிக்கவைத்து, சில ஆண்டுகள் தொந்தரவு செய்யாமல் விட்டால் பலிக்க வாய்ப்புண்டு. என் கட்சி இதுதான்.

நம் 2022-23 மத்திய பட்ஜெட்டிலும் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் துறைக்கு ஒரு பணிக்குழுவை அறிவித்தார்கள். நல்லது. ஆனால் பேச்செல்லாம் வேலைவாய்ப்பைச் சுற்றியே நடக்கிறது, ஆய்வு மாணவர்களைப் பற்றிய பேச்சு என் காதில் விழவில்லை. எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன வரும் என்று சொல்லித்தருவதற்குப் பல்கலைக்கழகம் வேண்டாம்தான், அங்கே உன் பக்கம் நிற்கிறேன். அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைத் திருத்தத் தெரிந்தவர் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தை விட்டால் வேறு கதி இல்லை. ஆகவே கல்லூரி தேடும்போது லேப்பில் எத்தனை கணினி என்று மட்டும் கேட்காதே. நேரியல் இயற்கணிதம் எந்த செமஸ்டரில் வருகிறது, முனைவர் பட்டத்துக்கு எத்தனை பேர் படிக்கிறார்கள், அவர்களுக்கு உதவித்தொகை மாதாமாதம் வந்து சேர்கிறதா என்று கேள். பதில் வரவில்லையென்றால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

அன்புடன்,
உன் ஆசிரியன்