ஒன்றியத்தின் வெளியுறவுக் கொள்கை

கேள்வி: பல நாடுகள் சேர்ந்த ஒன்றியத்தின் வெளியுறவுக் கொள்கை, காரைக்கால் மீனவர் விவகாரத்தை டெல்லி கையாள்வது போல்தான் முடிவாகிறதா?

பதில்: இல்லை. இந்தியாவில் வெளியுறவும் பாதுகாப்பும் ஒன்றிய அரசின் அதிகாரம். 2025 ஜனவரி 28 அதிகாலை நெடுந்தீவு அருகே காரைக்கால் படகை இலங்கைக் கடற்படை மடக்கியபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 மீனவர்கள் பிடிபட்டனர். இருவர் படுகாயத்துடன் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இலங்கையின் பொறுப்புத் தூதரை அழைத்துக் கண்டித்தது டெல்லிதான். காரைக்கால் அடங்கிய புதுச்சேரியின் அரசால் கடிதம் எழுதி வலியுறுத்தவே முடியும்; கடலில் உயிரைப் பணயம் வைப்பவர்களுக்கு அது போதாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கதை வேறு. 1993இல் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் பொது வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கைக்கு வழி வகுத்தது. ஆனால் பெரும்பாலான முடிவுகளுக்கு 27 உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஒரு நாடு எதிர்த்தாலும் முடிவு நின்றுவிடும். படைகளும் அந்தந்த நாட்டின் வசமே உள்ளன.