ராத்திரிக் கணக்கு

அன்புள்ள கயலுக்கு,

பெரியம்மா எழுதுவது. பொங்கலுக்கு வந்தபோது நீ இங்கே விட்டுப்போன பயோகெமிஸ்ட்ரி நோட்டைப் புரட்டினேன். கிரெப்ஸ் சுழற்சி பாதிவரை முத்து முத்தான எழுத்து. அதற்குப் பிறகு எழுத்துகள் கோட்டிலிருந்து சரிந்து, கடைசியில் பேனா இழுபட்ட கீறல் மட்டும். உன் அம்மா சோம்பேறித்தனம் என்கிறாள். சோம்பேறி பாதிவரை கூட எழுதியிருக்க மாட்டாள் என்று அவளிடம் சொன்னேன்.

"பகலெல்லாம் தூக்கமா வருது டாக்டர்" என்று ஒரு நோயாளி வந்தால் திட்டியா அனுப்புவோம்? ஹிஸ்டரி எடுப்போம். அதே ஹிஸ்டரியை உன்னிடமே எடு. எத்தனை மணிக்குப் படுக்கிறாய், எத்தனை மணிக்கு எழுகிறாய்? ஞாயிறன்று மதியம்வரை தூங்குகிறாயா? அப்படியானால் வாரம் முழுக்க உனக்குத் தூக்கம் பற்றவில்லை. மரே ஜான்ஸ் 1991-ல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோலையும் போட்டுப் பார். உட்கார்ந்து படிக்கையில், டிவி பார்க்கையில் என எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை. கூட்டுத்தொகை 10-ஐத் தாண்டினால் அலட்சியம் கூடாது.

மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி வகுப்பில் கண் சொக்குவது வேறு. நன்றாகத் தூங்கினவர்களுக்கும் உடம்பின் கடிகாரம் அந்நேரம் சற்றுத் தணியும். இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் சரியாகிவிடும். காலை ஒன்பது மணிக்கே தலை தொங்கினால்தான் எனக்குக் கவலை.

அதற்குக் காபி மருந்தில்லை, கண்ணு. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகும். காஃபின் அதைக் குறைப்பதில்லை. அடினோசின் போய் ஒட்டும் இடத்தை மறித்து நிற்கிறது, அவ்வளவுதான். காஃபினின் அரை ஆயுள் சுமார் 5 மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குக் குடித்ததில் பாதி விடியற்காலை மூன்று மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். சாயங்காலத்துக்குப் பிறகு வேண்டாம். இன்டெர்னல்ஸ் என்றாலும் படித்துவிட்டுத் தூங்கு; படித்தது பதிவதே அப்போதுதான்.

இரண்டு வாரம் ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் தீரவில்லையென்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடு. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அந்தக் களைப்பைத் தூக்கம் என்று நினைத்துவிடுவார்கள். குறட்டை விடுகிறாயா என்று ரூம்மேட்டிடமும் கேள்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர்களின் அளவுக்குக் குறைந்திருந்ததை 1997-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. வண்டி ஓட்ட நம் சட்டம் விடுவது 0.03 வரைதான். விடிய விடியப் படித்த காலையிலோ, நாளை ஹவுஸ் சர்ஜனாகி நைட் டியூட்டி முடித்த காலையிலோ ஸ்கூட்டியைத் தொடாதே. ஆட்டோவில் போ. காசு மாதாமாதம் நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா