வரவேற்பு மேசையில் சொன்ன செய்தி உரியவரைச் சேர்வது எவ்வாறு?

மருத்துவமனைக்கு வருவோர் முதலில் சந்திப்பது மருத்துவரை அன்று. வரவேற்பு மேசையில் உள்ள பணியாளரையே. "அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மருத்துவரிடம் காட்டிவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று நீங்கள் கூறிச் செல்லும் ஒரு வாக்கியம் அங்கே ஒரு பணியாக மாறுகிறது. அப்பணி இடையில் தொலைந்துபோகாமல் காப்பதற்கான வழிகளை இங்கு விளக்குகிறோம்.

ஏன் இவ்வளவு கவனம்?

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை உட்கொள்ளும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐ.என்.ஆர். என்னும் பரிசோதனையின் அளவு, இவர்களுள் பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வரை இருத்தல் வேண்டும். அது 5-ஐத் தாண்டினால் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடும். மருந்தின் அளவை அன்றே மாற்ற வேண்டியிருக்கும். அத்தகைய முடிவு இரவு 7.45 மணிக்கு வருகிறது; 8 மணிக்குப் பணியாளர் மாறுகிறார் என்று கொள்வோம். துண்டுத் தாளில் எழுதி வைத்த குறிப்பு, புதிதாக வருபவரின் கண்ணில் படாமல் போகலாம். மேசையில் மூவர் இருந்து, மற்றவர் பார்த்துக்கொள்வார் என ஒவ்வொருவரும் எண்ணினாலும் விளைவு அதுவே.

உலக சுகாதார நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் நோயாளர் பாதுகாப்புக்கென ஒன்பது தீர்வுகளை வெளியிட்டது. நோயாளரைச் சரியாக அடையாளம் காண்பதும், பொறுப்பு கைமாறும்போது செய்தி விடுபடாமல் காப்பதும் அவற்றுள் அடங்கும்.

நல்ல பணிப்பட்டியலின் இலக்கணம்

மேசையில் உள்ள அனைவரும் கணினித் திரையில் ஒரே பட்டியலைக் காண்பது முதற்படி. ஒரு கையில் தொலைபேசி, எதிரே வரிசை என்ற நிலையிலும் பணியாளர் அதைக் கையாள முடிய வேண்டும். அதற்கு ஐந்து பண்புகள் தேவை.

1. ஒவ்வொரு பணிக்கும் ஒரே ஒருவர் பொறுப்பாளர். "வரவேற்புப் பிரிவு" என்று பொதுவாகக் குறித்தால் எவரும் பொறுப்பாளர் அல்லர்.

2. எந்த நேரத்துக்குள் முடிய வேண்டும் என்ற குறிப்பு. நேரம் கடந்த பணி தானாகவே பட்டியலின் மேலே வர வேண்டும்.

3. "புதியது", "ஏற்கப்பட்டது", "முடிந்தது" எனச் சொல்லாலேயே நிலை காட்டுதல். சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு காண இயலாதோர் நம்மிடையே உள்ளனர். ஆகவே நிறம் மட்டும் போதாது.

4. முறையான ஒப்படைப்பு. பணிக்கு வருபவர் ஏற்றுக்கொண்டதாகப் பதியும்வரை, முடியாத பணி செல்பவரின் பெயரிலேயே நிற்க வேண்டும்.

5. எளிமை. நிரப்ப வேண்டிய கட்டங்கள் பெருகினால், பணியாளர் மீண்டும் துண்டுத் தாளையே நாடுவார்.

நீங்கள் செய்யக்கூடியவை

ஒவ்வொரு முறையும் உங்கள் பெயருடன் பிறந்த தேதியையோ மருத்துவமனைப் பதிவு எண்ணையோ கேட்பது உங்கள் மீதுள்ள ஐயத்தால் அன்று. ஒரே நாளில் ஒரே பெயருடைய இருவர் வருவது இயல்பு. ஒருவருக்குரிய செய்தி மற்றவருக்குச் சென்றுவிடக் கூடாது.

நீங்கள் சொன்னதைப் பணியாளர் திரும்பச் சொல்லும்போது பொறுமையுடன் கேளுங்கள். பிழையிருந்தால் உடனே திருத்துங்கள். தொலைபேசி எண் மாறியிருந்தால் தெரிவியுங்கள். புறப்படுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "இது யார் பொறுப்பில் உள்ளது? எத்தனை மணிக்குள் பதில் வரும்?" அந்நேரம் கடந்தும் பதில் வராவிடில் மீண்டும் அழையுங்கள். அதை நாங்கள் தொந்தரவாகக் கருதுவதில்லை. பதில் வராததால் பரிசோதனை முடிவு நன்றாகவே இருக்கும் என்று ஒருபோதும் முடிவு செய்துவிடாதீர்கள்.

பட்டியலில் சேரக் கூடாதவை

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், பேச்சுக் குளறல், நிற்காத ரத்தக்கசிவு ஆகியவை எந்தப் பட்டியலிலும் காத்திருக்கக் கூடாதவை. மருத்துவமனைக்குள் இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். வீட்டில் இருந்தால் தாமதமின்றி 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் சொல்லும்படி மேசையில் செய்தி விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.