பெர்கமுவின் பந்தியும் மறைவான மன்னாவும்

வேதபகுதி: வெளிப்படுத்தின விசேஷம் 2:12-17



ஆசியாவிலிருந்த ஏழு சபைகளுக்கு ஆண்டவர் எழுதச் சொன்ன நிருபங்களில் மூன்றாவது, பெர்கமு சபைக்குரியது. ஒரு மருத்துவமனையின் ஊழியத்தைத் தாங்குகிற நாம் இதைச் சற்று அதிகக் கவனத்தோடு வாசிக்கவேண்டும். ஏனென்றால் பெர்கமு வைத்தியத்துக்குப் பேர்போன பட்டணம்.

இன்று துருக்கி தேசத்தில் பெர்காமா என்று அழைக்கப்படும் அவ்வூர், பழைய சிமிர்னாவாகிய இஸ்மீருக்கு வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மலையின்மேல் சீயுஸ் என்னும் கிரேக்க தெய்வத்தின் பெரிய பலிபீடம் இருந்தது. கி.மு. 29-ல் ரோம இராயனாகிய அகுஸ்துவுக்கு அங்கே கோயில் கட்ட அனுமதி கிடைத்தது. ஊருக்கு வெளியே அஸ்கிலேப்பியு என்னும் வைத்திய தெய்வத்தின் ஆலயம் இருந்தது. வியாதியஸ்தர்கள் இரவில் அங்கே படுத்துத் தூங்குவார்கள்; சொப்பனத்தில் கண்டதை அவ்விடத்தாருக்குச் சொல்லி, அதன்படி சிகிச்சை பெறுவார்கள். புகழ்பெற்ற மருத்துவரான காலேன் கி.பி. 129-ல் பிறந்ததும் இவ்வூரிலேதான். கோலில் பாம்பு சுற்றியிருக்கிற மருத்துவச் சின்னம் அந்த அஸ்கிலேப்பியுவின் கோலிலிருந்து வந்ததே. (இதை வாசித்துவிட்டு டாக்டருடைய காரிலிருந்து அந்த ஸ்டிக்கரை யாரும் உரிக்கவேண்டாம்! காலேனின் நூல்களால் உலகம் பல நூற்றாண்டுகள் பயனடைந்ததையும் மறுக்கமாட்டோம்.)

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதே தெய்வத்துக்குக் கிரேக்க நாட்டின் எப்பிதாவுருவில் இருந்த பேர்பெற்ற ஆலயத்தின் எல்லைக்குள் ஒருவரும் சாகக்கூடாது, ஒருத்தியும் பிரசவிக்கக்கூடாது என்ற விதி இருந்தது. குணமாகிறவனுக்கு அங்கே இடமுண்டு, மரிக்கிறவனுக்கு இடமில்லை. அந்த நம்பிக்கை மரணத்தின் வாசலோடு நின்றுபோயிற்று.

இப்படிப்பட்ட ஊரில் குடியிருந்த சபையை ஆண்டவர் முதலாவது பாராட்டுகிறார். அந்திப்பா என்னும் உண்மையுள்ள சாட்சி கொல்லப்பட்ட நாட்களிலும் அவர்கள் அவருடைய நாமத்தை மறுதலிக்கவில்லை. பட்டயத்துக்கு அஞ்சாத சபை! அப்படியிருந்தும் அவர்கள்மேல் அவருக்குக் குறை உண்டு. பட்டயத்தால் கூடாததைப் பந்தி செய்துவிட்டது.

இங்கே ஆண்டவர் பிலேயாமை நினைப்பூட்டுகிறார். மோவாபின் ராஜாவாகிய பாலாக் இஸ்ரவேலைச் சபிக்கும்படி அவனைக் கூலிக்கு அழைத்தான். வாயைத் திறந்தபோதெல்லாம் ஆசீர்வாதமே வந்தது. வெளியிலிருந்து சபிக்கமுடியாத ஜனத்தை உள்ளிருந்து கெடுக்கலாமென்று பிலேயாம் ஆலோசனை சொன்னான் (எண்ணாகமம் 31:16). மோவாபியர் விருந்துக்கு அழைத்தார்கள், இஸ்ரவேலர் போனார்கள், சாப்பிட்டார்கள், பணிந்துகொண்டார்கள். அந்த வாதையில் 24,000 பேர் மாண்டார்கள்.

பெர்கமுவின் விசுவாசிக்கும் விருந்துக்கு அழைப்பு வந்தது. அக்காலத்துப் பட்டணங்களில் ஒரே தொழில் செய்கிறவர்கள் சங்கமாகக் கூடுவார்கள். அவர்களுடைய விருந்துகள் தெய்வங்களின் பெயரால் நடக்கும், இறைச்சி பலியிடப்பட்டதாயிருக்கும். போகாவிட்டால் வியாபாரம் கெடும், உறவு முறியும். "விக்கிரகம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், உடம்புதானே போகிறது, மனம் கர்த்தரிடத்தில்தானே இருக்கிறது" என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு எளிது! சமரசம் ஒருநாளும் கிறிஸ்துவை விட்டுவிடு என்று பேசாது. அவரையும் வைத்துக்கொள் என்றுதான் பேசும்.

அது எங்கே கொண்டுபோய் விடும்? கி.பி. 112 வாக்கில், அண்டை நாடாகிய பித்தினியாவின் தேசாதிபதி பிளினி, தான் விசாரித்த கிறிஸ்தவர்களைக் குறித்து இராயனுக்கு எழுதினான். சிலர் தாங்கள் முன்பு கிறிஸ்தவர்களாயிருந்து விட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். ஒரு சிலர் விட்டு இருபது வருஷமாயிற்றாம். அவர்கள் இராயனுடைய சிலைக்குத் தூபமும் திராட்சரசமும் செலுத்தி, கிறிஸ்துவைத் தூஷித்துப் போனார்கள்.

பிலேயாமைப்பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அதுவே இந்தப் பாடத்தில் நம்மை அதிகமாய் நடுங்கச்செய்கிறது. நீதிமான் மரிப்பதுபோலத் தானும் மரிக்கவேண்டும், தன் முடிவு அவன் முடிவுபோல இருக்கவேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான் (எண்ணாகமம் 23:10). பரலோக ஆசை அவனுக்கு இல்லாமலில்லை! நீதிமானுடைய வாழ்வு மட்டும் வேண்டாம், பாலாக்கின் கூலி வேண்டும். கடைசியில் மீதியானியரின் நடுவே பட்டயத்தால் மாண்டான் (எண்ணாகமம் 31:8). நித்திய ஜீவனை நம்புகிறோம் என்று ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப்பிரமாணம் சொல்லுகிற நாம் எந்தக் கூலியைக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லுகிறோம்?

நம் தேசத்துச் சபைச் சரித்திரமும் இதற்குச் சாட்சி. 1833-ல் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழியவேண்டும் என்று நிருபம் அனுப்பினார். கர்த்தருடைய பந்தியிலேயே சாதிவாரியாக இடமும் வரிசையும் பார்க்கப்பட்ட காலம் அது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அநேகர் கீழ்ப்படிய மனதில்லாமல் சபையைவிட்டே விலகினார்கள். பழைய கதை என்று தள்ளிவிடலாமா? சாதிவாரியாகப் பிரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டங்கள் நம் நாட்டில் இன்றும் உண்டு. உயிர்த்தெழுதலை எதிர்பார்த்து அடக்கம்பண்ணப்பட்டவர்களுக்கு நடுவே ஒரு சுவர்! வரதட்சணையைப்பற்றி நாம் எழுதவேண்டியதில்லை. அந்தத் தொகை எவ்வளவென்று வாசிக்கிறவருக்கே தெரியும்.

மருத்துவ ஊழியத்துக்கும் இந்தச் சோதனை வருகிறது. வேலைக்கு லீவு கேட்க, இல்லாத வியாதிக்குச் சான்றிதழ் வேண்டும் என்பார்கள். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாதென்று 1994-ஆம் ஆண்டின் சட்டமே தடைசெய்திருக்க, "எங்களுக்கு மட்டும் சொல்லுங்கள்" என்று காதோடு கேட்பார்கள். கேட்கிறவர் ஊழியத்தைத் தாங்குகிறவராகவே இருந்தாலோ? கட்டடத்துக்கு அவர் தந்த பணத்தை நினைத்து மருத்துவர் கையெழுத்திட்டால் அது பிலேயாமின் கூலியே. அன்பான பங்காளர்களே, அப்படிப்பட்ட நிலையில் எந்த மருத்துவரையும் வைத்துவிடாதிருங்கள். காணிக்கை குறைந்தால் கர்த்தர் வேறொரு வழியைத் திறப்பார்.

'மனந்திரும்பு' என்கிற கட்டளை யாருக்கு வருகிறது என்றும் பாருங்கள். பந்தியில் உட்கார்ந்த சிலருக்கு மாத்திரமல்ல, அவர்களைப் பொறுத்துக்கொண்டிருந்த சபை முழுமைக்கும் வருகிறது. மனந்திரும்புதல் என்பது கன்வென்ஷன் கூட்டத்தில் கண்ணீர் விட்டுவிட்டு, மறுநாள் அதே இலைக்கு முன் உட்காருவதல்ல. பந்தியை விட்டு எழுந்திருப்பது. எழுந்தால் நஷ்டம் உண்டு. பெர்கமுவின் வியாபாரிக்கு மெய்யாகவே நஷ்டம் உண்டாயிருக்கும். ஆண்டவர் அதை மறைத்துப் பேசவில்லை.

அதனால்தான் வாக்குத்தத்தமும் ஒரு போஜனமாயிருக்கிறது. விக்கிரகத்தின் இறைச்சியை விட்டெழுந்தவனுக்கு மறைவான மன்னா! வனாந்தரத்து மன்னா மறுநாளைக்கு வைத்தால் புழுத்துப்போயிற்று. அதைப் புசித்தவர்களும் மரித்தார்கள். கிறிஸ்துவாகிய ஜீவ அப்பத்தைப் புசிக்கிறவனோ என்றென்றைக்கும் பிழைப்பான் என்று யோவான் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

வெண்மையான குறிக்கல்லைப்பற்றி வேதபண்டிதர்கள் பல விளக்கம் தருவார்கள். நீதிமன்றத்தில் குற்றமற்றவனென்று விடுதலை செய்ய வெள்ளைக் கல்லைப் போடும் வழக்கம் உண்டு என்பர் சிலர். விருந்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டைப்போல அது வழங்கியது என்பர் வேறு சிலர். பந்தியை விட்டெழுந்தவனைக் குறித்த பகுதியாகையால் இரண்டாவது நமக்குப் பொருத்தமாய்த் தோன்றுகிறது. அந்தக் கல்லில் ஒரு புதிய நாமம் எழுதியிருக்கும். மருத்துவமனை வார்டில் மனிதர் படுக்கை எண்ணாலே அழைக்கப்படுவதுண்டு. மரணத்தறுவாயில் இருக்கிற ஒருவர் அருகே ஊழியர் அமர்ந்து இந்த 17-ஆம் வசனத்தை வாசிக்கும்போது, எப்பிதாவுருவின் ஆலயம் வெளியே நிறுத்தியவனைப் பேர்சொல்லி உள்ளே அழைக்கிற ஒருவர் உண்டென்று அவருக்குச் சொல்லலாம்.

தியத்தீரா சபைக்கு எழுதப்பட்டதை அடுத்த இதழில் தியானிப்போம்.