மதுச் சட்டமும் நம் கடைகளும்

மது விற்பது முஸ்லிமுக்கு ஆகாது என்பதை நாம் சிறு பிராயத்திலேயே ஓதி அறிந்திருக்கிறோம். அப்படியிருக்க, மதுச் சட்டம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் கடை வாசலையும், சிப்பந்தியையும், நாம் வாடகைக்கு விடும் கட்டிடத்தையும் அது தொடுவதால் அறிந்திருத்தல் அவசியமாகும்.

2013 டிசம்பர் 8-ந் தேதி ஞாயிறு இரவு, சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்து ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு மாண்டார், கலகம் மூண்டது. விசாரித்த குழு மதுவையும் ஒரு காரணமாகக் கண்டது. பின்னர் 2015 ஏப்ரல் 1 முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமுலுக்கு வந்தது.

அதன் சாரம் இது:

1. லைசென்ஸ் இன்றி மது விற்பது குற்றம்.

2. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கலாகாது. மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதம். அந்நேரத்தில் கடைகள் எடுத்துச் செல்லும் மதுவை விற்பதும் கூடாது.

3. தேக்காவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கத் தடை. பொது விடுமுறைகளுக்கும் இவ்விதமே தடையுண்டு.

ஆகவே நம் கடை முன்னுள்ள அஞ்சடியில் யாரேனும் போத்தலுடன் அமர்ந்தால், நயமாகச் சொல்லி அனுப்பிவிடுவதே நன்று.

இனி ஒரு முக்கிய கேள்வி. “லைசென்ஸ் மாற்று மதப் பங்காளியின் பெயரில் இருக்கிறது, நாம் லாபத்தில் பங்கு மட்டும் வாங்கினால் என்ன?” என்கிறார்கள். சட்டம் இதைத் தடுக்காமலிருக்கலாம். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் மது சம்பந்தமாகப் பத்துப் பேரைச் சபித்ததாக ஹதீஸில் காண்கிறோம். குடிப்பவர் மட்டுமல்லர், விற்பவரும், சுமப்பவரும், அதன் கிரயத்தை உண்பவரும் அதில் அடக்கம். பெயர் எவருடையதாயினும் காசு நம் பெட்டியில்தானே விழுகிறது?

மது இல்லாத மளிகைக்கடைக்குச் சனி ஞாயிறுகளில் வியாபாரம் குறையலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சட்டம் இடத்தையும் நேரத்தையும் மட்டுமே வரையறுக்கிறது. மார்க்கமோ பொருளையே விலக்குகிறது. எனவே கூட்டு சேருமுன்னும், கடையை வாடகைக்கு விடுமுன்னும், “மது கூடாது” என்ற ஷரத்தை ஒப்பந்தத்தில் எழுதிக் கொள்ளுங்கள். பின்னர் வழக்காடுவதிலும் முன்னர் எழுதுவது எளிது. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ், பரக்கத்தும் அவனிடமே.